சுவரில் விழுந்த பனி

சேசு மரி சூசை

திருவையாறு
9-3-1997

அன்புள்ள அண்ணிக்கு,

அக்னஸ் எழுதுவது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வரியை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் போனில் சொன்னபோது நான் ஒன்றுமே பேசவில்லை என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். ஜெகபர் அலி பாயின் எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. வெளியே என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் நின்றார்கள். "சரிங்க அண்ணி, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்த பிறகுதான் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உள்ளாற வந்து உட்காருங்க" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். இந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. தை மாதம் நெஞ்சுவலி வந்தபோது, "பெரியவருக்கு எந்த அதிர்ச்சியும் குடுத்துடாதீங்க" என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை உங்களுக்கு எழுதியிருந்தேன். அவருக்கு ஒரே மகன். நான் எந்த வாயால் சொல்வேன்? நம் பங்குச் சாமியாரிடம்கூடப் போகவில்லை. பூண்டி மாதா கோயிலுக்குப் போய், பெயர் சொல்லாமல் ஒரு பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு உதவி வேண்டும். எழுதச் சோம்பல்பட்டு எப்போதும் அண்ணன் சொல்லச் சொல்ல நீங்கள்தானே எழுதுவீர்கள். அப்பாவுக்குப் பழகியது உங்கள் கையெழுத்துதான். அண்ணன் எழுதுவது போலவே அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடியில் வழக்கம்போல் சின்னதாக ஒரு படம் இருக்க வேண்டும். பிரித்ததும் அப்பா முதலில் பார்ப்பது அதைத்தான்.

அப்பா சுகமாக இருக்கிறார். அண்ணனைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
அக்னஸ்


பாரீஸ்
30-3-1997, பாஸ்குப் பண்டிகை

அன்புள்ள அக்னசுக்கு,

அண்ணியின் ஆசீர். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன்.

நீ கேட்டதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. காரைக்காலில் என் அப்பா இறந்தபோது எனக்கும் இப்படித்தான் மறைத்தார்கள். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்றார்களாம். அப்பா மண்ணுக்குள் இருந்த அந்த நாட்களில் நான் இங்கே சினேகிதிகளோடு சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்த துக்கம் ஆறிவிட்டது, அந்தச் சினிமா இன்னும் ஆறவில்லை.

இருந்தாலும் மாமாவின் நெஞ்சை நினைத்து எழுதியிருக்கிறேன். படம் வரைய எனக்கு எங்கே வரும்? அவருடைய ஸ்கெட்ச் புத்தகத்திலிருந்து ஒரு கொக்கைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இவருடைய படங்களை வாங்கி விற்ற காலரிக்காரர், வருகிற நவம்பரில் நினைவுக் கண்காட்சி வைக்கிறேன் என்கிறார். அந்தப் பச்சைப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாட்டப் போகிறாராம். இவர் என்னிடம் அடிக்கடி சொல்வார்: "ஊர்ல இருந்தவரைக்கும் பச்சை என் கண்ணுலயே படல ஜாஸ்லின். இங்க வந்து இலையில்லாத மரங்களையே பாத்த பிறகுதான் நாத்தங்கால் தெரிஞ்சுது." அதைத்தான் கண்காட்சியின் தலைப்பாக வைக்க வேண்டுமாம்.

ஸ்கெட்ச் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் 'வீட்டுச் சுவர், 1992' என்று எழுதியிருக்கிறார். படம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஊருக்கு வந்தது அந்த ஒரு தடவைதானே, அதுவும் தனியாக. அங்கே ஏதாவது வரைந்தாரா?

மாமாவுக்கு என் தோத்திரம்.

ஜாஸ்லின்


சேசு மரி சூசை

திருவையாறு
4-5-1997

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை. உங்களுக்கு அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொக்கையே வெகு நேரம் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒத்தக் கால்ல நிக்குது? இன்னொரு காலை வரைய மறந்துட்டானா?"

"கொக்கு அப்படித்தானேப்பா நிக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? அவனுக்கு இன்னும் தெரியுதான்னு பாத்தேன்."

அப்புறம் நான் படிக்கப் படிக்கக் கேட்டார். அண்ணி, நீங்கள் அப்படியே அண்ணனாக எழுதியிருக்கிறீர்கள். 'அக்னஸ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கிறாளா' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த அறையில் நின்று கேட்பது போலவே இருந்தது.

சுவரைக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க வரைந்தார். தஞ்சாவூரிலிருந்து டிஸ்டெம்பர் வாங்கி வந்தார். அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம் எல்லாம் குழைத்துக்கொண்டார். அங்கே இருந்துகொண்டு வயலை வரைந்தவர், இங்கே வந்து உட்கார்ந்து பனியை வரைந்தார். டிசம்பர் முதல் வாரம் பாரீசுக்குக் கிளம்பிவிட்டார். கிறிஸ்துமஸ் வந்தது. வருஷா வருஷம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அப்பாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன், மேற்குச் சுவர் பளிச்சென்று இருக்கிறது. "ஏம்ப்பா அடிச்சீங்க?" என்றேன். "பாதி வெள்ளையும் பாதி அழுக்குமா விட்டுட்டுப் போயிட்டான். எனக்கென்ன சுண்ணாம்பு அடிக்கத் தெரியாதா?" என்கிறார். பனியை அவர் பார்த்ததில்லையே. பாதியில் நின்ற வெள்ளையடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

பயந்துகொண்டே அண்ணனுக்கு எழுதினேன். 'பனி விழுந்தால் எல்லாம் மூடத்தானே செய்யும், அப்பா சரியாகத்தான் செய்திருக்கிறார்' என்று பதில் வந்தது. இப்போது ஐந்து கிறிஸ்துமஸ் சுண்ணாம்பு அதன் மேல் இருக்கிறது. ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறும்போது மட்டும் சுண்ணாம்புக்குள்ளிருந்து கொஞ்சம் எட்டிப் பார்க்கும். காய்ந்தால் மறுபடி வெறும் வெள்ளை. பனியைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த கடிதத்தைச் சீக்கிரம் போடுங்கள்.

அக்னஸ்


பாரீஸ்
10-6-1997

அன்புள்ள அக்னசுக்கு,

நலமாக இருக்கிறாயா? மாமாவின் மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடு.

இத்துடன் இன்னொரு கடிதம், இன்னொரு படம். இந்த முறை வாய்க்கால் மதகு. காலரிக்காரர் வந்தவர் ஸ்கெட்ச் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பக்கத்தில் ஓட்டை இருப்பதைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. காரணத்தைச் சொன்னேன். "மதாம், நீங்கள் அவரைத் துண்டு துண்டாக வெட்டித் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

கண்காட்சிக்கு விளம்பரத் தாள் அடிக்க வேண்டும். ஓவியர் பெயருக்குக் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் போடுவார்கள். சென்னைப் பத்திரிகை ஒன்றும் எழுதப்போகிறது. அதற்குப் பிறகு அங்கே எப்படி மறைப்பாய்? மாமாவுக்கு யாரோ ஒருவர் பேப்பரைக் காட்டித் தெரிவதைவிட நீ பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது மேல். செப்டம்பருக்குள் சொல்லிவிடு.

நானும் எவ்வளவு நாள் இரண்டு ஆளாக இருப்பேன்?

ஜாஸ்லின்


சேசு மரி சூசை

திருவையாறு
2-7-1997

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். இந்த வருஷமும் ஆனியில் தண்ணீர் வரவில்லை. அப்பா தினமும் தடியை ஊன்றிக்கொண்டு ஆற்றங்கரை வரை போய் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

சொல்லலாம் என்றுதான் நேற்றுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்கண்ணன் இப்பல்லாம் ரொம்ப ஒழுங்கா எழுதுறான் பாத்தியா? முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு வந்தாப் பெருசு."

நான் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

"வயசாகுதுல்ல," என்றார். "பொறுப்பு வந்துருக்கு."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் சந்தோஷமாகச் சொன்னாரா, வேறு எப்படியாவது சொன்னாரா என்று தெரியவில்லை.

என்னால் முடியாது அண்ணி. கண்காட்சியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். படங்கள் எங்கே போய்விடும்? அப்பா இருக்கும்வரை அண்ணன் இருக்கட்டும்.

அக்னஸ்


பாரீஸ்
5-8-1997

அன்புள்ள அக்னசுக்கு,

உன் உடம்பும் மாமா உடம்பும் எப்படி? மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலரிக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. மாமாவுக்கானது கீழே.

ஜாஸ்லின்

அன்புள்ள அப்பாவுக்கு, ஜோஸ்வாவின் தோத்திரம். நான் சுகம். நீங்கள் சுகமா? ஆற்றில் தண்ணீர் வந்ததா? இங்கே ஒரு ஆறு இருக்கிறது. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, ஒருவரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று நினைப்பேன். அக்னசை அதிகம் திட்டாதீர்கள். கீழே இருப்பது நம் கறுப்புப் பசு. கொம்பு சரியாக இருக்கிறதா என்று எழுதுங்கள்.


பாரீஸ்
10-9-1997

அக்னஸ்,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. பூத்துக்குப் போன் போட்டேன், எடுத்த பையன், பாய் ஊரில் இல்லை என்றான். மாமாவுக்கு ஏதாவதா? ஒரு வரி போடு.

ஜாஸ்லின்


சேசு மரி சூசை

திருவையாறு
28-9-1997

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னியுங்கள். காலாண்டுப் பரீட்சை, பேப்பர் திருத்தும் வேலை. இங்கே சுகம். அப்பா நிம்மதியாக இருக்கிறார். முன்னைப் போல ஆற்றங்கரைக்குப் போவதில்லை.

தண்ணீர் ஒருவழியாக வந்துவிட்டது. வாய்க்காலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் போனதைப் பாலத்தில் நின்று பார்த்தேன்.

பசுவுக்குக் கொம்பு சரியாகத்தான் இருக்கிறது. அண்ணனை இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதச் சொல்லுங்கள். எப்போதும் அப்பாவையே கேட்டு எழுதுகிறார். என்னையும் நாலு வார்த்தை கேட்கட்டுமே. சின்ன வயதில் என்னைச் சைக்கிளின் முன்பாரில் உட்காரவைத்துப் பூண்டித் திருவிழாவுக்கு அழைத்துப் போனாரே, அதை எழுதலாம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு படித்தால் வீட்டில் ஒரு ஆள் பேசுவது போல இருக்கிறது. அப்பாவுக்கும் நன்றாக இருக்கும்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. மேற்குச் சுவரின் அடியில் இப்போதே ஓதம் தெரிகிறது.

அக்னஸ்


பாரீஸ்
15-10-1997

அன்புள்ள அக்னசுக்கு,

மாமா நிம்மதியாக இருக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கண்காட்சி மார்ச்சுக்குத் தள்ளிப்போய்விட்டது. அதற்காக இவருக்குக் கொடுக்க இருந்த பெரிய கூடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவருக்கு இப்போது பின்பக்கத்துச் சின்ன அறைதான். பரவாயில்லை. மாமாவைவிடக் கூடம் பெரிதா?

நீ கேட்டபடி சைக்கிளைப் பற்றி எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாததை எல்லாம் கற்பனையில்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது அவர் பின்னால் நின்று 'அப்படி இல்லை ஜாஸ்லின்' என்று சொல்வார் போலத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். சைக்கிளையும் கத்தரித்துவிட்டேன், ஸ்கெட்ச் புத்தகத்தில் ஊர்ப் படம் இனி ஒன்றுதான் பாக்கி.

என் தம்பி டேவிட்சன் காரைக்காலிலிருந்து கேமராவோடு அங்கே வருவான். மழைக்காலத்தில் சுவர் தெரியும் என்றாயே. ஒரு போட்டோவாவது கண்காட்சிக்கு வேண்டும். மாமாவையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஜாஸ்லின்


காரைக்கால்
4-11-1997

அன்புள்ள அக்காவுக்கு,

டேவிட்சன். இங்கே அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சுகம். உனக்கு எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். போனில் சொல்லும் விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவையாறு போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரெத்தினம் என்கிற அம்மா, "டீச்சரா? கல்லறைக்குப் போயிருக்காங்க தம்பி. அப்பாவுக்கு மொத கல்லறைத் திருநாளாச்சே" என்றார்.

"எந்த அப்பாவுக்கு?"

"எந்த அப்பாவா? டீச்சருக்கு எத்தினி அப்பா? ஆடி மாசக் கடைசியில பெரியவரு போயிட்டாருல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான். ஒங்களுக்குச் சொல்லலையா?"

நான் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். தூறல். சனம் எல்லாம் குடையும் மெழுகுவர்த்தியுமாக நிற்கிறது. அக்னஸ் அக்கா தன் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த புதுச் சிமெண்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைக்கவில்லை. "வாங்க தம்பி, அந்த வாளியைக் கொஞ்சம் நகத்துங்க" என்றார், நான் தினமும் வருகிறவன் மாதிரி.

"ஏங்கக்கா, எங்களுக்கு ஒரு கார்டு போடக் கூடாதா?" என்றேன். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். என் பையில் ஒன்று இருந்தது. அதை எடுத்து, "மச்சானுக்கும் ஒண்ணு வச்சிடலாங்கக்கா" என்றேன்.

அக்கா, அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இதுதான்: "அண்ணனுக்கெதுக்குத் தம்பி? போன மாசம்கூட லெட்டர் போட்டாரே."

மெழுகுவர்த்தியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். கூடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வரிசையாகக் குத்தியிருக்கின்றன. மதகு, பசு, சைக்கிள். சுவரை எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். "வேண்டாம் தம்பி, இன்னும் சரியாத் தெரியல" என்று தடுத்துவிட்டார்.

நீயே எழுதிப் பார். திட்டாதே.

டேவிட்சன்


பாரீஸ்
20-11-1997

அன்புள்ள அக்னசுக்கு,

டேவிட்சன் எழுதிவிட்டான். மாமாவின் ஆத்துமா இளைப்பாறட்டும். இங்கே அவர் பெயருக்கும் இவர் பெயருக்கும் சேர்த்து ஒரு பூசை வைத்தேன்.

திட்டித் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். உன்னால் பெரிய கூடம் போயிற்று, அவர் புத்தகம் போயிற்று என்றெல்லாம். ஒன்றையும் தபாலில் சேர்க்கவில்லை. ஏன் தெரியுமா? கடைசிப் படத்தைக் கத்தரிக்க உட்கார்ந்தபோது, இது முடிந்தால் அடுத்த மாதம் இவர் எப்படி எழுதுவார் என்றுதான் நான் கவலைப்பட்டேன். மாமாவை நினைக்கவே இல்லை. நீ அங்கே விளக்கு வைத்துவிட்டுப் படித்தாய், நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். உன்னை மட்டும் நான் என்ன சொல்வது?

ஆனால் இனி எழுத மாட்டேன். அந்தச் சினிமாவுக்கு நான் மறுபடி போக மாட்டேன், உன்னையும் போகவிட மாட்டேன்.

உன் அண்ணன் எப்படிப் போனார் என்று நீ இதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிப்ரவரி கடைசி. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நான் கறுப்புக் கோட்டைக் கூடக் கழற்றாமல் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, "சுவர் காஞ்சிடுச்சா?" என்றார். ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று, "காஞ்சிடுச்சுங்க" என்றேன். "அப்ப நீ தெரிய மாட்டியே" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. விடிவதற்குள் அடங்கிவிட்டது.

எந்தச் சுவர் என்று இப்போது புரிகிறது. 'நீ' என்றது எனக்குப் புரியவில்லை. பனியைத் தவிர ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். உண்மையா?

ஜாஸ்லின்


சேசு மரி சூசை

திருவையாறு
14-12-1997

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் இருக்கிறேன். அப்பா இல்லை. அண்ணனும் இல்லை. மூன்று வரியையும் எழுதி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அப்பாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அந்த வாரமே உங்கள் கடிதம் வந்தது. 'நீங்கள் சுகமா' என்று அண்ணன் கேட்டிருந்தார். கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னால் கடிதம் நின்றுவிடும். வீட்டில் இரண்டு பேரும் ஒரே நாளில் போனது போல ஆகிவிடும். காகிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'சுகம்' என்று கை எழுதிவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போவதற்கு முந்தின சாயங்காலம், "அவன் எழுதினா, நான் கோவமா இல்லன்னு சொல்லு" என்றார். எதற்குக் கோபம் என்று நான் கேட்கவில்லை.

படங்கள் எல்லாவற்றையும் தனிப் பார்சலில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குண்டூசி குத்திய ஓட்டைகள் இருக்கும். காலரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கொக்கை மட்டும் அப்பாவோடு வைத்துவிட்டோம். அது வராது.

சுவரைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மை இல்லை அண்ணி. பனியில் ஒரு பெண் நிற்கிறார். நீளமான கறுப்புக் கோட்டு, கழுத்தில் குளிருக்குச் சுற்றிய துண்டு. அந்தச் சுவர் முழுக்கப் பச்சை அந்தத் துண்டில் மட்டும்தான், நாற்றங்கால் பச்சை. முகம் கொஞ்சம் திரும்பியிருக்கும். உங்களை நான் கல்யாணப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் முதல் நாளே தெரிந்தது. ஊருக்கு வந்தும் அண்ணன் எங்களை வரையாமல் உங்களை வரைந்தாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை. அப்பா அன்று காலையில் சுண்ணாம்பு குழைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்லறைக்குக் கொண்டுபோன வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பை நேற்று கொட்டிவிட்டேன். இந்தக் கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கவில்லை. ரெத்தினம் அக்கா, "துக்க வீடு, அடிக்க வேணாம்தான்" என்றார். அதற்காக இல்லை என்று அவருக்குச் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மூன்றாவது மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஜெகபர் அலி பாய் குடை பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

இந்த வருஷம் மழை விடவே இல்லை. நேற்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். கோட்டு முழுக்கத் தெரிகிறது. துண்டு தெரிகிறது. படிக்கக் கடிதம் ஒன்றும் இல்லாததால் அதன் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் தப்பு. சுவர் இன்னும் காயவில்லை அண்ணி. தை வெயில் வரும்வரை ஓதம் இருக்கும். அதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
அக்னஸ்